ஒரு சாணுக்குக் குறையாத மீன்

ராயபுரத்தில் எங்கள் தெரு முனையில் நின்றால் கட்டுமரங்கள் கரையேறுவது தெரியும். அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சைக்கிளில் மூங்கில் கழியைக் கட்டிக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டியபடி, மாதவரம் பக்கத்துத் தாங்கல் ஒன்றுக்கு மீன் பிடிக்கப் போன நான்கு பேரில் நானும் ஒருவன். தாங்கல் என்றால் ஏரியைவிடச் சின்னது, குளத்தைவிடப் பெரியது. மழைத் தண்ணீரைத் தேக்கி வயலுக்கு விடுவது. எங்கள் தெருவில் கூடையோடு வந்து மீன் விற்கும் அம்மாள் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் கூடையை இறக்கி வைத்துவிட்டே சிரிப்பாள்.

"இன்னா ரைட்டரே, கடலு வத்திப்போச்சா?"

துறைமுகத்துக்குப் பக்கத்தில் கயிறும் கித்தானும் விற்கிற ஒரு கிடங்கில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்ததால் ஊருக்கே நான் ரைட்டர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி வருடங்கள் அவை. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

கடலில் மீன் பிடிப்பது தொழில். அதைச் செய்கிறவர்கள் எங்களைவிட ஆயிரம் மடங்கு நன்றாகச் செய்தார்கள். எங்களுக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் நிழலும், தூண்டில் மிதவையாகத் தண்ணீரில் அசையாமல் நிற்கிற ஒரு மயிலிறகுத் தண்டும், அதைப் பார்த்துக்கொண்டு அரை நாள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்க ஒரு சாக்கும்தான்.

மற்ற மூவரையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கூட்ஸ் வண்டியில் கார்டு. ஆறடி உயரம், முறம் மாதிரிக் கை. அவரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். விசிலும் சிவப்பு, பச்சைக் கொடிகளும் இல்லாமல் அவர் எங்கும் போகமாட்டார், தாங்கலுக்கும் கொண்டுவருவார். விசில் ஊதிப் பச்சைக் கொடி காட்டிய பிறகுதான் நாங்கள் தூண்டில் வீச வேண்டும். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. இன்னொருவர் வண்ணாரப்பேட்டையில் குடைக்கடை வைத்திருந்த பாய். கட்டையான ஆள், குழந்தைக்கு இருப்பது போன்ற சின்னக் கைகள். போகிற வழியில் யாராவது வாங்கினால் வாங்கட்டும் என்று சைக்கிளின் பின்னால் எப்போதும் ஒரு கட்டுக் குடை வைத்திருப்பார். மூன்றாமவர் வியாசர்பாடியில் குடியிருந்த மில் மேஸ்திரி. அவர் குடும்பம் பௌத்தம் தழுவியது. மேஸ்திரி உயிரைக் கொல்லமாட்டார். அதற்காக ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. ஆகவே முள் இல்லாமல் தூண்டில் போட்டார். நூலின் நுனியில் மாவு உருண்டையைக் கட்டி இறக்குவார். மீன் வந்து தின்னும். மேஸ்திரி சந்தோஷமாக இன்னொரு உருண்டை கட்டுவார்.

"மேஸ்திரி மீன் புடிக்க வர்றதில்ல. மீனுக்கு விருந்து வைக்க வர்றாரு" என்பார் பாய்.

இரண்டு வருடம் நாங்கள் மூவரும் அந்தத் தாங்கலைச் சுரண்டினோம். விரால், குரவை, கெளுத்தி, கெண்டை என்று எது மாட்டினாலும் விரற்கடை நீளமாக இருந்தாலும் பையில் போட்டோம். விரால் குஞ்சுகள் பொரித்தால் தண்ணீரின் மேல் செங்கல் பொடி தூவியது போல ஒரு சிவப்புத் திட்டு மிதக்கும். அதன் அடியில் தாயோ தகப்பனோ காவல் இருக்கும். அந்த நேரத்தில் எதை வீசினாலும் கோபத்தில் பாய்ந்து கடிக்கும் என்பது தெரிந்து, அங்கேயே தேடிப் போய் வீசினோம்.

மூன்றாம் வருடம் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எங்களுக்குக் கிடைத்தது நான்கு விரல் நீளத்தில் ஒரு குரவை. அது யாருக்கு என்று சண்டை வந்தது. முள் பாயினுடையது. அதில் இருந்த புழு நைனா தோண்டியது. பாய் உட்கார்ந்திருந்த இடம் என்னுடையது. தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தேன்.

"மீனெல்லாம் எங்க போச்சி?" என்று நைனா தாங்கலைப் பார்த்துக் கேட்டார்.

மேஸ்திரி மாவு உருட்டிக்கொண்டே சொன்னார்: "தாங்கல்ல தேடினா எப்டி நைனா? உங்க வூட்டுச் சட்டியில தேடு."

எங்களுக்குச் சுருக்கென்றது. அந்தக் குரவையைத் தண்ணீரில் விட்டோம். கையை விட்டுப் போன அந்தச் சின்ன வாலை மூவரும் சேர்ந்து பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. நைனாவுக்கு மட்டும் எந்த உணர்ச்சி வந்தாலும் அது உடனே ஒரு சட்டமாக மாறிவிடும். அங்கேயே சங்கம் தொடங்கிவிட்டார். அவர் தலைவர், நான் காரியதரிசி, பாய் பொக்கிஷதார். பொக்கிஷம் இல்லை என்பதைப் பாய் பொருட்படுத்தவில்லை. மேஸ்திரியை உறுப்பினராக இருக்கச் சொன்னோம், யாராவது ஒருவர் உறுப்பினராக இருக்க வேண்டுமே என்று.

ஒரு சாணுக்குக் குறைந்த மீனை எடுக்கக்கூடாது, ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு மீனுக்கு மேல் கூடாது, சிவப்புத் திட்டுப் பக்கம் தூண்டிலே போகக்கூடாது என்று நான் கிடங்கின் பழுப்புக் காகிதத்தில் முத்து முத்தாக எழுதினேன். நால்வரும் கையெழுத்துப் போட்டோம்.

அடுத்த ஞாயிறே தகராறு. பாய் ஒரு கெண்டை பிடித்து, தன் கையை விரித்து வைத்துக் காட்டினார். சரியாக ஒரு சாண். நைனா தன் கையை வைத்தார். அவருடைய சாணில் அந்த மீன் பாதிகூட வரவில்லை.

"இது குஞ்சு, வுடு பாய்."

"உன் கைய வச்சி அளந்தா முதலையே குஞ்சுதான் நைனா. சட்டத்துல யாரு சாணுன்னு போட்டுகீது?"

காரியதரிசியை எல்லோரும் பார்த்தார்கள். சட்டத்தில் யாருடைய சாண் என்று நான் எழுதியிருக்கவில்லை. கெண்டை இதற்குள் வாயைத் திறந்து திறந்து மூட, மேஸ்திரி அதைப் பிடுங்கித் தண்ணீரில் விட்டுவிட்டு, "இப்ப பேசுங்க, இன்னா அவசரம்" என்றார். பேசினோம். நான்கு கைகளின் சாணையும் கூட்டி நான்கால் வகுத்து, பச்சைக் கொடியின் கம்பில் ஒரு வெட்டுப் போட்டோம். அதன் பிறகும் தொல்லை தீரவில்லை. கம்போடு சேர்த்துப் பிடித்தால் மீன் துள்ளும். பாய் வாலை இழுத்துப் பிடிப்பார், நைனா தலையை அமுக்குவார். ஒரே மீன் பாய் அளந்தால் வளர்ந்தது, நைனா அளந்தால் குறைந்தது.

இப்படியே வாரம் வாரம் எல்லா மீனும் தண்ணீருக்கே திரும்பின. தாங்கலுக்கு நல்லதுதான். வீட்டில்தான் பேஜார்.

முதல் வாரம் என் மனைவி அம்மியில் மசாலா அரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் வெறும் பையோடு போய் நடந்ததைச் சொன்னேன்.

"புட்ச மீன தண்ணில வுட்டுட்டீங்களா?" அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "யாருனா பாத்தாங்களா?"

இரண்டாவது வாரம் எனக்குத் தைரியம் வரவில்லை. தெரு முனையில் மீன்கார அம்மாளைப் பிடித்து, சின்னதாக நாலு மீன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கானாங்கெளுத்தி. கடல் மீன்தான், ஆனாலும் பெயரிலேயே கெளுத்தி இருக்கிறதே என்று நினைத்தேன். மனைவி குழம்பு வைத்தாள். அடுத்த வாரம் சங்கரா.

"ஏன் செவப்பா கீது?"

"தாங்கல் தண்ணி செம்மண் கலந்தது."

அவள் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அரிவாள்மனையில் உட்கார்ந்தாள். நான் தப்பித்தேன் என்று நினைத்து, அதற்கடுத்த வாரம் அலட்சியமாக இருந்துவிட்டேன். நேரமாகிவிட்டதால் மீன்காரம்மாள் கூடையில் நாக்கு மீன்தான் மிச்சமிருந்தது. தட்டையாக, இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிற மீன். அதை மனைவி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இது ஏன் சப்பையா கீது?"

"வழியில வுழுந்துச்சி. பாய் சைக்கிள ஏத்திட்டாரு" என்றேன்.

"அடப் பாவமே" என்றாள். அவ்வளவுதான். அந்த 'பாவமே' மீனுக்கா எனக்கா என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. மறுநாள் அவள் மீன்காரம்மாளை நிறுத்தி வைத்து விசாரித்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூண்டில் கழியோடு வந்து மீன் வாங்குகிறவன் நான் ஒருவன் இல்லை. எனக்கு முன்னால் குடைக்கார பாய், எனக்குப் பின்னால் கார்டு. மூவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் வந்து போயிருக்கிறோம். "அந்த மனுசனுங்க அங்க போயி இன்னாத்தான் பண்றாங்கன்னு எனக்கும் தெரியணும்" என்றாளாம் மீன்காரம்மாள்.

இது எதுவும் தெரியாமல் ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தாங்கலில் இருந்தோம். தண்ணீர் கரை தொட்டு நின்றது. முந்தின வாரம் மேற்கு ஓரத்தில் ஒரு சிவப்புத் திட்டைப் பார்த்திருந்ததால், வந்ததும் அங்கே நைனா சிவப்புக் கொடி நட்டிருந்தார். கிழக்கே பச்சைக் கொடி. பச்சைக் கொடிக்குக் கீழே உட்கார்ந்து விசில் ஊதிவிட்டுத் தூண்டிலை வீசினார்.

விரால் குஞ்சுகளுக்குக் கொடி தெரியாது. வாரத்தில் ஏழு நாளும் மேய்ந்து மேய்ந்து அவை கிழக்கே வந்துவிட்டிருந்தன.

நைனாவின் புழு தண்ணீரைத் தொட்டதும் தாங்கலே வாயைத் திறந்தது போல ஒரு சத்தம். கழி வில்லாக வளைந்தது. நைனா எழுந்து, இரண்டு கையாலும் பிடித்து, வண்டியையே நிறுத்துகிற பலத்தோடு பின்னால் இழுத்தார். இரண்டு சாண் நீளமுள்ள கரிய விரால் அவருடைய தலைக்கு மேல் பறந்து, முள்ளிலிருந்து கழன்று, கரையைத் தாண்டி அந்தப் பக்கத்து வயலில் போய் விழுந்தது. பாய் கை தட்டினார். நானும் தட்டினேன்.

மேஸ்திரி மட்டும் தண்ணீரைக் காட்டினார். பச்சைக் கொடிக்கு நேர் கீழே செங்கல் பொடி தூவியது போல சிவப்பாக ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

நைனாவின் முகம் வெளுத்துவிட்டது. தன் சட்டத்தைத் தானே உடைத்துவிட்ட தலைவர் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. விசிலை எடுத்து நீளமாக ஊதினார். யாருக்கு ஊதினார் என்று இன்றுவரை தெரியாது. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் குதித்தார். நாற்று நட்டுச் சில நாளே ஆன சேற்று வயல். விரால் தண்ணீரில்லாவிட்டாலும் வெகு நேரம் உயிரோடு இருக்கும், சேற்றில் நெளிந்தே நகரும். நைனா அதைத் தேடி நான்கு காலில் போனார்.

இங்கே மீன்கொத்தி வந்துவிட்டது. ஒன்று நீலமாகப் பாய்ந்து குஞ்சைக் கொத்திக்கொண்டு போனது. கொக்குகள் இரண்டு இறங்கின. பறவைகளுக்குச் செய்தி சொல்ல யாரோ ஆள் வைத்திருந்தது போல இன்னும் வந்தன.

"காவல் போச்சி. நாமதான் நிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே மேஸ்திரி முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டார். கையை வீசினார். கொக்கு ஓர் அடி தள்ளி உட்கார்ந்தது. நான் இறங்கித் துண்டை வீசினேன். பாய் கரையில் நின்று எங்களைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு ஓடிப்போய்ச் சைக்கிளிலிருந்து குடைக்கட்டை அவிழ்த்தார்.

"ஆளுக்கு ரெண்டு புடி. நனைஞ்சாலும் பரவால்ல, கிழிச்சிடாத!"

ஆறு கறுப்புக் குடைகளை விரித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, சிவப்புத் திட்டுக்கு மேல் கூரை போட்டோம். திட்டு நகர்ந்தால் நாங்களும் நகர வேண்டும். ஒருவர் வேகமாக நகர்ந்தால் குடைக்கம்பி மற்றவர் காதில் குத்தும். "மெதுவா, மெதுவா, இடப்பக்கம்" என்று மேஸ்திரி சொல்ல, மூன்று வளர்ந்த மனிதர்கள் தண்ணீரில் கல்யாண ஊர்வலம் போல நடந்துகொண்டிருந்தோம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலடியில் நூற்றுக்கணக்கான உயிர்கள் மூச்சு வாங்க மேலே வருவதும் போவதும் கணுக்காலில் கூசியது. ஒன்றை மிதித்துவிடக்கூடாதே என்று பயமாக இருந்தது.

அப்போதுதான் கரையில் ஜட்கா வந்து நின்றது. முதலில் மீன்காரம்மாள் இறங்கினாள், பின்னால் என் மனைவி.

மீன்காரம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"இன்னா ரைட்டரே, மீனுக்கு வெயிலு அடிக்குதா?"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. அந்த நேரத்தில் வயல் பக்கமிருந்து தலை முதல் கால் வரை சேறாக ஓர் உருவம் எழுந்து விசில் ஊத, ஜட்காக் குதிரை மிரண்டு பின்வாங்கியது.

"கெடைக்கல!" என்று நைனா கத்தினார். அழுகிற குரல். "எங்கயோ பூந்துகிச்சி!"

மேஸ்திரி குடையை அசைக்காமலே நடந்ததைச் சொன்னார். மீன்காரம்மாள் புடவையைச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். தேடவில்லை. வரப்போரமாக நின்று சேற்றைப் பார்த்தாள். ஓரிடத்தில் குனிந்து, இரண்டு கையையும் விட்டு, கைக்குழந்தையைத் தூக்குவது போல விராலைத் தூக்கினாள். நைனா அத்தனை நேரம் அதன் மேல்தான் முழங்காலிட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"இதுக்கா நாலு ஆம்பள?"

அவள் கரைக்கு வந்ததும் நைனா பழக்க தோஷத்தில் பச்சைக் கொடிக் கம்பை எடுத்து அளக்கப் போனார். "அளக்காத, செவுள்ல சேறு கீது" என்று அவரை விலக்கிவிட்டு, அவள் தண்ணீரில் மீனை முன்னும் பின்னும் ஆட்டிக் கழுவினாள். செவுள் விரிந்து மூடியதும் விட்டாள். கரிய முதுகு ஒரு கணம் எங்கள் கால்களுக்கிடையே நின்றது. பிறகு குடைகளுக்கு அடியில் போயிற்று. சிதறிக்கிடந்த சிவப்பு மெல்லக் கூடி, ஒரே திட்டாகி, ஆழம் பார்த்து நகர்ந்தது. நாங்கள் குடைகளை மடக்கினோம்.

என் மனைவி தண்ணீர் ஓரம் வரை வந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், "நெசமாவே வுட்டுட்டுதான் வந்திருக்கீங்க. நான் கூட வேற எங்கயோ போறீங்கன்னு நெனச்சேன்" என்றாள். குரலில் கேலி இல்லை. கேலி வீட்டுக்குப் போகும் வழியில் தொடங்கி அந்த மாதம் முழுக்க நடந்தது.

கோடையில் இன்னொரு கவலை வந்தது. தாங்கல் வற்றும்போது ஊர்க்காரர்கள் இறங்கி மொத்த மீனையும் அள்ளுவது வழக்கம். அது அவர்கள் உரிமை, அவர்கள் தண்ணீர். நாங்கள் சட்டக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஊர் மணியக்காரரிடம் போய், மதகடிப் பள்ளத்தை மட்டும் விதைக்கு விட்டுவைக்கும்படி கேட்டோம். அவர் காகிதத்தைப் படிக்கவில்லை. எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"மீனுக்குக் கொடை புடிச்சது நீங்கதானே?"

ஆமாம் என்றோம். உள்ளே கூப்பிட்டு வீட்டார் எல்லோரையும் வரவழைத்து எங்களைக் காட்டினார். மோர் கொடுத்தார். எப்படிப் பிடித்தோம் என்று நடித்துக் காட்டச் சொன்னார். பாயும் நானும் காட்டினோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பள்ளம் இருக்கட்டும், நீங்க போய் வாங்க" என்றார். சொன்னபடி விட்டும் வைத்தார்.

அடுத்த மழைக்குப் பிறகு தாங்கலில் மீன் புரண்டது. நான் கம்பின் வெட்டைத் தாண்டி ஒரு விரற்கடை நீண்ட விரால் ஒன்றைப் பிடித்தேன். பாய் இழுக்கவில்லை, நைனா அமுக்கவில்லை; அளவு சரியாக இருந்தது. விசில் ஊதி எனக்கு விடை கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியின் முன்னால் வைத்தேன். மாங்காய் போட்டு, மண்சட்டியில் குழம்பு வைத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாய் பிசைந்து வைத்தாள். மென்றாள். இன்னொரு வாய் வைத்தாள்.

"மண்ணு வாட அடிக்குது" என்றாள்.

ஒரு வருடமாகக் கடல் மீன் தின்று அவளுக்கு நாக்கு மாறிவிட்டிருந்தது. நானும் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். அடிக்கத்தான் செய்தது. இருந்தாலும் சட்டியை நான்தான் காலி செய்தேன்.